கம்பியில் குத்திய கார்டுகள்: பழைய கடிதக் கட்டை எப்படிப் பிரிப்பது, எப்படிக் காலம் கணிப்பது?

கேள்வி: காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டில் ஓடு மாற்றுவதற்காக இரண்டாம் கட்டுப் பகுதியை ஒழித்தபோது, ஒரு தகரப் பெட்டியில் என் ஐயாவின் (தாத்தாவின்) காகிதங்கள் கிடைத்தன. அவர் பர்மாவில், ரங்கூனில், வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக இருந்தவர். ஒரு நீண்ட இரும்புக் கம்பியில் குத்திய கார்டுகளும் கணக்குச் சீட்டுகளும், ஒரு சிறு டைரியும், அட்டையில் ஒட்டிய சில புகைப்படங்களும் உள்ளன. கடிதங்களை லேமினேட் செய்துவிட்டுக் கணக்குச் சீட்டுகளை எறிந்துவிடலாம் என்கிறான் என் மகன். பெரும்பாலான கார்டுகளில் ஆங்கிலத் தேதி இல்லை. டைரியிலோ செலவுக் கணக்கைத் தவிர எதுவும் இல்லை. அவர் ரங்கூனிலிருந்து எழுதிய ஒரு கார்டின் நகலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் கம்பியை இப்போதைக்குத் தொடாதீர்கள். அடியில் ஒரு மரவட்டு, மேல்முனையில் ஒரு கொக்கி என்று சுவர் ஆணியில் தொங்கிய அந்தக் கம்பிதான் அக்காலத்து வீட்டின் கோப்பு அலமாரி. வந்த கார்டைப் படித்து முடித்ததும் நடுவில் ஒரு குத்து. மளிகைச் சீட்டு, வரி ரசீது எல்லாவற்றுக்கும் அதே குத்து. அடியில் இருப்பது முதலில் வந்தது, மேலே இருப்பது கடைசியில் வந்தது. ஆகவே தேதியில்லாத ஒரு கார்டு, தேதியுள்ள இரண்டு ரசீதுகளுக்கு நடுவில் சிக்கியிருந்தால், அதன் காலம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது என்று பொருள். அனுப்பியவர் பெயர்ப்படி அடுக்கிவிடலாம் என்ற ஆசையில் கட்டைக் கலைத்துவிட்டால், அந்தச் சாட்சி ஒரே மாலையில் அழிந்துபோகும். என் தொழிலின் தொடக்கக் காலத்தில் நானே ஒரு குடும்பக் கட்டை அப்படிப் பிரித்து அடுக்கியிருக்கிறேன். மிக நேர்த்தியாக அடுக்கினேன். எந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கடிதம் இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

எனவே கட்டைப் பக்கவாட்டில் வைத்து நான்கு புறமும் படமெடுத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த கம்பியிலிருந்து கார்டுகளை மேல்நோக்கி உருவினால் துளையின் ஓரம் கிழியும். அதற்குப் பதிலாக மேல்முனையிலுள்ள கொக்கி வளைவைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி, துருவை மெல்லத் துடைத்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கழற்றிய உடனேயே ஒவ்வொன்றின் மூலையிலும் மென்மையான 2பி பென்சிலால் வரிசை எண் இடுங்கள். பேனா வேண்டாம், ஒட்டும் சீட்டும் வேண்டாம். நூறு கார்டுகளுக்கு ஒரு பகல் ஆகும். அதைவிட வேகமாக நடந்தால் எங்கோ அவசரப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேமினேஷனைப் பொறுத்தவரை என் பதில் கூடாது என்பதுதான். கடையில் செய்யும் லேமினேஷன், சூட்டில் உருகும் பசையைக் காகிதத்தின் நார்களுக்குள் இறக்கிவிடுகிறது. பின்னாளில் அதைப் பிரிக்க வழியில்லை. பழைய காகிதத்திலுள்ள அமிலமும் உள்ளேயே அடைபட்டுத் தன் வேலையைத் தொடரும். கிழிந்த இடங்களில் செல்லோடேப் ஒட்டுவதும் இதே வகைத் தவறுதான். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், அதன் பழுப்புக் கறை மட்டும் எழுத்தின் மேல் நிலைத்துவிடும்.

ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அக்காலத்துக் கார்டுகள் பலவற்றைக் காப்பிப் பென்சிலால் எழுதினார்கள். பார்வைக்குச் சாதாரணப் பென்சில் போல் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அந்த இடம் கத்தரிப்பூ நிறச் சாயமாகப் பரவிவிடும். உங்கள் கார்டுகளில் ஆங்காங்கே ஊதாப் புள்ளிகள் தெரிந்தால், எச்சில் தொட்டு எழுதிய இடமாகவோ மழைத்துளி விழுந்த இடமாகவோ இருக்கலாம். ஆகவே ஈரத்துணியால் துடைக்கும் எண்ணமே வேண்டாம். மென்மையான, உலர்ந்த ஓவியத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தூசியைத் தள்ளினால் போதும். பூஞ்சை மணம் அடித்தால் மாடியில் வெயிலில் காயவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வெயில் மையை வெளுக்கச் செய்து காகிதத்தையும் முறுகவைக்கும். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் பரப்பி வையுங்கள்.

கரையானும் ராமபாணப் பூச்சியும், ஈரமும் இருட்டும் சேர்ந்த இடத்தைத் தேடி வருபவை. பாச்சை உருண்டையைக் காகிதத்தோடு சேர்த்துப் போட்டால் நெடி உங்களைத்தான் விரட்டும். தாள்களைச் சாயமிடாத, கஞ்சி போகத் துவைத்த காடாத் துணியில் பொதிந்து, வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறை அலமாரியில், தரையிலிருந்து உயர்த்தி வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். வேப்பிலையோ வசம்போ வைக்க விரும்பினால் தனித் துணியில் முடிந்து மூட்டைக்கு வெளியே வையுங்கள், இலைத்தூள் கறைபடுத்தும்.

இனி, தேதி. கார்டுகளில் ஆங்கிலத் தேதி இல்லை என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தால் தேதி இருக்கத்தான் செய்கிறது. பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘விஷு௵ மார்கழி௴ ௰௨௳’ என்று இருக்கும் அந்த வரிதான் அது. ௵ என்பது வருஷத்தையும், ௴ என்பது மாதத்தையும், ௳ என்பது நாளையும் குறிக்கும் சுருக்கக் குறிகள். ௰ பத்து, ௨ இரண்டு. ஆக மார்கழி மாதம் 12ஆம் நாள். சிலர் இதையே ௧௨ என்று இக்கால முறையில் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒன்றே.

தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழல்பவை. பிரபவ 1867இல் தொடங்கியது, மறுபடி 1927இல், மறுபடி 1987இல். விஷு அந்த வரிசையில் பதினைந்தாவது. ஆகவே 1881, 1941, 2001 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியிருக்க வேண்டும். இவற்றில் எது என்பதை மற்றத் தடயங்கள் சொல்லும். உங்கள் ஐயா ரங்கூனில் இருந்த காலத்துக்குப் பொருந்துவது 1941 மட்டுமே. மார்கழி பெரும்பாலும் டிசம்பர் 15 அல்லது 16இல் பிறக்கும் என்பதால், அந்தக் கார்டு 1941 டிசம்பர் 26 அல்லது 27இல் எழுதப்பட்டது. கிழமையும் எழுதியிருந்தால் ஐயம் தீர்ந்துவிடும்: அந்த ஆண்டு டிசம்பர் 26 வெள்ளிக்கிழமை. இந்த 60 ஆண்டுச் சுழற்சியை மறந்துவிட்டுக் குடும்ப வரலாற்றையே முன்னுக்குப் பின் மாற்றியவர்கள் உண்டு. தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம்.

உங்கள் வீட்டு வரி ரசீதுகளில் பசலி எனப்படும் நிலவரி ஆண்டு இருக்கும். அதனுடன் 590ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1351 என்பது 1941 ஜூலை முதல் 1942 ஜூன் வரை. திருநெல்வேலி, நாஞ்சில் நாட்டுப் பக்கத்துச் சம்பந்திகளின் கடிதங்களில் மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டு வரக்கூடும். கொல்லம் 1117 ஆவணியில், அதாவது 1941 ஆகஸ்ட் நடுவில் தொடங்குகிறது.

எழுத்தே இல்லாவிட்டாலும் தபால் சாட்சி சொல்லும். கார்டில் அச்சான தபால் தலையில் இருப்பது எந்த அரசர் என்று பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் என்றால் 1937க்கு முன் இல்லை. பர்மா 1937 ஏப்ரல் 1 அன்று இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிந்தது; அன்று முதல் இந்தியத் தபால் தலைகளின் மேல் பர்மா என்று அச்சிட்டு விற்றார்கள், 1938இல் தனித் தலைகளே வந்துவிட்டன. ஆகவே ரங்கூனிலிருந்து வந்த கார்டில் வெறும் இந்தியத் தலை மட்டும் இருந்தால், அது பர்மா பிரிந்ததற்கு முந்தியது என்று கொள்ளலாம். நீல நிற உள்நாட்டுக் கடிதத் தாள் 1950 அக்டோபர் 2க்குப் பிந்தியது. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. லை, னை, ணை போன்ற எழுத்துகள் துதிக்கை வைத்த பழைய வடிவில் இருப்பதை மட்டும் காலக் கணக்குக்கு நம்பாதீர்கள். அரசு 1978இல் எழுத்தைச் சீர்திருத்தியது என்றாலும், அதற்கு முன் படித்தவர்கள் கடைசிவரை பழைய வடிவிலேயே எழுதினார்கள்.

கணக்குச் சீட்டில் ‘3-4-6’ என்று கண்டால் அதைத் தேதி என்று எண்ணிவிட வேண்டாம். அது மூன்று ரூபாய், நான்கு அணா, ஆறு பை (பை என்பது அக்காலத்துச் சிறு காசு). ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற கணக்கு 1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வரும்வரை நீடித்தது. ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௹ என்றால் ரூபாய், ௸ என்றால் மேற்படி. இந்த நான்கு குறிகளையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் பாதிச் சீட்டுகள் தாமாகவே வாய் திறக்கும்.

உங்கள் மகன் எறியச் சொல்வது இந்தச் சீட்டுகளைத்தான். என் அனுபவத்தில், ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை கடிதங்களில் இருப்பதைவிட இவற்றில்தான் அதிகம் இருக்கிறது. கடிதம் ஒரு வாய்ப்பாட்டுக்குக் கட்டுப்பட்டது: ‘ம-ா-ா-ஸ்ரீ’ என்று தொடங்கும், அதாவது மகா ராஜ ராஜ ஸ்ரீ, ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்திற்கு எழுதவும்’ என்று தொடரும். வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாக இருந்தாலும் க்ஷேமம்தான். ஆனால் மருந்துக்கடைச் சீட்டு பொய் சொல்லாது. எத்தனை வீசை புளி வாங்கினார்கள், எந்த மாதத்தில் கடன் சீட்டுகள் குவிகின்றன, எந்த ஆண்டு முதல் காப்பிக்கொட்டை என்ற சொல் மளிகைப் பட்டியலில் நுழைகிறது என்பதையெல்லாம் எந்த மாமனாரும் மருமகனுக்கு எழுதியிருக்க மாட்டார்.

டைரியில் செலவைத் தவிர எதுவும் இல்லை என்ற உங்கள் ஏமாற்றத்துக்கும் இதுவே பதில். மனத்தைத் திறந்து கொட்டுவதற்கான ஏடு என்று நாட்குறிப்பை நம் முன்னோர்களில் பலர் நினைக்கவில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினப்படிச் சேதிக்குறிப்பும், யார் வந்தார்கள், எந்த நாழிகையில் வந்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்ற கணக்கோடுதான் நகர்கிறது. இன்று 18ஆம் நூற்றாண்டுப் புதுவையை அறிய விரும்புவோர் அதைத்தான் தேடி வருகிறார்கள். உங்கள் ஐயாவின் டைரியை வரவு செலவாகப் பாருங்கள்: சம்பளத்தில் ஊருக்கு எவ்வளவு அனுப்பினார், எந்த மாதம் அனுப்பவில்லை, கோயில் திருவிழாவுக்கு எழுதிய தொகை எப்போது குறைந்தது என்று ஒரு தனித் தாளில் குறித்துக்கொண்டு போனால், ஒரு மனிதர் துலங்கி வருவார்.

கடிதங்களைப் படிக்கும்போது இரண்டு நுட்பங்களைக் கவனியுங்கள். ஒன்று, முகவரி வரி. ஒரு பெண்ணின் பெயருக்கு முன் வழக்கமாக வரும் ‘சௌபாக்கியவதி’ ஒரு கட்டத்துக்குப் பின் காணாமல் போனால், இடைப்பட்ட காலத்தில் அவர் கணவரை இழந்திருக்கக்கூடும். சாவுச் செய்தி சொல்லும் கார்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று படித்தவுடன் கிழித்துப்போடுவது வழக்கமாதலால், இறப்புகள் பெரும்பாலும் இப்படி ஓர் அடைமொழியின் மறைவிலோ, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டுகள் ஓராண்டு வராமல் நின்றுபோவதிலோதான் தெரியும். இரண்டு, கையெழுத்து. உங்கள் அப்பத்தா பெயரில் ரங்கூனுக்குப் போன கடிதத்தைத் தெருவில் படிக்கத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் எழுதியிருக்கலாம். மேலும் கார்டு என்பது தபால்காரர் முதல் திண்ணையில் இருப்பவர் வரை எல்லோரும் படிக்கக்கூடிய ஒன்று. அவர்களுக்கிடையில் பாசம் இல்லை என்று அதைக் கொண்டு முடிவு கட்டாதீர்கள். சொல்ல வேண்டியதைச் சொல்ல அங்கே இடம் இல்லை, அவ்வளவுதான்.

புகைப்படங்களில் அட்டையின் அடியில் அச்சிட்ட ஸ்டூடியோ பெயரும் ஊரும்தான் முதல் தடயம். உடையைக் கொண்டு காலமோ வசதியோ கணிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கோட்டும் கைக்கடிகாரமும் ஸ்டூடியோவே கொடுத்து உதவிய காலம் அது. கணவர் கடல் கடந்து இருக்க, அவர் படத்தை வெட்டி மனைவியின் பக்கத்தில் பொருத்தி ஜோடியாக்கிய படங்களும் உண்டு. இருவர் மேல் விழும் வெளிச்சம் வேறு வேறு பக்கத்திலிருந்து வருகிறதா, தலையின் ஓரம் கத்தரித்ததுபோல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பாருங்கள். அசல் அச்சா, பிற்காலப் படியா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது: கடைகளில் கள்ளநோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் ஊதா விளக்கை, இருட்டறையில் படத்தின் பின்புறம் காட்டுங்கள். காகிதம் இளநீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. 1950களுக்கு முந்தைய புகைப்படத் தாளில் அது பெரும்பாலும் இராது.

கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்க முயலாதீர்கள். வெளியே இட்ட சந்தனத்தையும் குங்குமத்தையும் மட்டும் துடைத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள். மற்றப் படங்களை இரண்டு பக்கமும் 600 புள்ளி அடர்த்தியில் (dpi) ஸ்கேன் செய்து, கோப்பின் பெயராக நீங்கள் இட்ட வரிசை எண்ணையே கொடுங்கள். பிறகு வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் படத்தை நீட்டி, ‘இவர் யார்?’ என்று மட்டும் கேட்காமல், ‘இது எந்த வீட்டுத் தாழ்வாரம்?’ என்றும் கேளுங்கள். முகம் மறந்தவர்களுக்கும் தூண் நினைவிருக்கும்.

பர்மாவிலிருந்து வந்த பெட்டிகளில் லுங்கியும் மேற்சட்டையும் அணிந்த பர்மியப் பெண்ணொருவரின் படம் சில சமயம் கிடைப்பதுண்டு. குடும்பங்களில் முதலில் கிழிபடுவது அதுதான். யாராக இருந்தாலும் அதையும் எண்ணிட்டு வையுங்கள். யாருக்குக் காட்டுவது என்பதை நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம். இதே எச்சரிக்கை கடன், பாகப்பிரிவினை பேசும் கடிதங்களுக்கும் பொருந்தும். கார்டு உங்கள் வீட்டில் இருந்தாலும் அதிலுள்ள வாசகத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. அச்சிடும் எண்ணம் இருந்தால் அந்த வீட்டாரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் வைத்துக் காக்க இயலாத நிலை வந்தால், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகிப் பேசிப்பாருங்கள். அது உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவானது. புத்தகங்களோடு அழைப்பிதழையும் துண்டுப் பிரசுரத்தையும் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். ஸ்டூடியோப் படங்கள் என்றால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை மின்னுருவாக்கம் செய்தவர்கள் அவர்கள். எங்கே கொடுத்தாலும் கம்பியின் வரிசை எண்களோடு கொடுங்கள்.

கடைசியாக, நீங்கள் நகல் அனுப்பிய அந்த மார்கழிக் கார்டைப் பற்றி. அதில் க்ஷேமம் விசாரிப்பும், நெல் அறுப்பு பற்றிய ஒரு கேள்வியும் மட்டுமே இருக்கின்றன. ஆனால் ரங்கூனில் முதல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தது 1941 டிசம்பர் 23இல், மறுபடி 25இல். அதற்கு ஓரிரு நாள் கழித்து உட்கார்ந்து எழுதிய மனிதர், குண்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. போர்க்காலத் தணிக்கைக்குப் பயந்திருக்கலாம். திறந்த கார்டைத் தெருவே படிக்கும் என்று எண்ணியிருக்கலாம். வீட்டுப் பெண்கள் கலங்குவார்கள் என்று நினைத்திருக்கலாம். அந்தக் கார்டுக்கு மேலே கம்பியில் என்ன இருக்கிறது என்பதே இனிப் பார்க்க வேண்டியது. ரங்கூன் 1942 மார்ச்சில் வீழ்ந்தது. கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகச் சிட்டகாங்குக்கும், தமு, இம்பால் வழியாக மணிப்பூர் ரோடு என்ற பெயர்கொண்ட திமாப்பூர் ரயில் நிலையத்துக்கும் நடந்தே வந்தார்கள். ஆகவே மார்கழிக்கு மேலே எண்ணிடும் கார்டுகளில் தை முதல் ஆனி வரை வரும் ஒவ்வொன்றின் அஞ்சல் முத்திரையையும் உருப்பெருக்கி வைத்துப் படியுங்கள். கல்கத்தா, சிட்டகாங், மணிப்பூர் ரோடு ஆகியவற்றில் எந்த ஊர்ப் பெயர் தெரிந்தாலும் அவர் வந்த வழிக்கு அது ஒரு தடயம். முத்திரை மங்கியிருந்தால், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கார்டைச் சாய்த்து இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.